பத்தாவது அடி

தம்பியின் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கின் நுனியும் செருப்புத் தோல் மாதிரி கெட்டிப்பட்டிருந்தன. கிதார் கம்பியை அழுத்தி அழுத்தி வந்த காய்ப்பு. வலது கையில் உள்ளங்கை நடுவே வேறொரு காய்ப்பு, அது வெல்டிங் பிடி கொடுத்தது. காய்ப்பெல்லாம் துடைத்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. நகக்கண்ணில் இருந்த கரிதான் நகர மாட்டேன் என்றது. சோப்பு போட்டாள், தீக்குச்சியால் நெம்பினாள். இருபது வருடக் கரி ஒரு காலையில் போய்விடுமா.

"போதும்மா, விடு," என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர், வாசற்படியில் நின்றபடி. "அவன் என்ன பொண்ணு பாக்கவா போறான்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது போல. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பொண்ணு பாக்கப் போனப்பவும் இந்தக் கரியோடதாண்ணே போனான்," என்றாள் அக்கா, தலை நிமிராமல். "அதனாலதான் ஒண்ணும் அமையல."

கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். கல்குவாரியில் அவளோடு பத்தொன்பது வருடம் வேலை பார்த்த பெண்கள் மூன்று பேர் விடிந்ததுமே வந்து சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. வேலை இல்லாத நேரத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரத் தெரிந்தவர்கள்.

விடியற்காலையில் போனான் தம்பி. நாற்பத்து நாலு வயது. நுரையீரலில் புகை படிந்து இறுகிவிட்டது, இனி இளகாது என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதனால் இந்தச் சாவு அவளுக்கு எதிர்பாராதது இல்லை. நாலு மணிக்கு வண்டி வரும். தகனக்கூடத்தில் நாலரைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். இப்போது மணி பதினொன்று. எல்லாம் வரிசைப்படி நடந்துகொண்டிருந்தது.

தொண்டையில் சிக்கிய முள் ஒன்றுதான். நேற்று மத்தியானம் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பதில் இல்லை. பட்டறைக் கதவு வரைக்கும் போய்ப் பார்த்தாள். மடியில் கிதாரை வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தவன், திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினான். வேண்டாம் என்கிறான். மூன்று நாளாக இதே கூத்து. ஆக்கி வைத்தவளுக்குக் கோபம் வராதா? திரும்பி வந்து தட்டை மேடையில் ணங்கென்று போட்டாள். சாயங்காலம் அவன் வாயில் தண்ணீர் ஊற்றும்போது கேட்டும் விட்டாள்: "கூப்பிட்டா ஒரு பதில் சொல்ல வாய் வலிக்குதா ஒனக்கு? பெரிய இவன்னு நெனப்பு." அவன் சிரித்தான். ஏதோ சொல்லப் பார்த்தான். அதற்கு மூச்சு போதவில்லை. பிறகு தூங்கினான்.

பன்னிரண்டு வயது மூத்தவள் அவள். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். நாற்பது வருடம் சோறு போட்டுவிட்டு, கடைசியாகச் சொன்ன வார்த்தை இதுவா?

துணியைப் பிழிந்தாள். தண்ணீர் கறுப்பாக இறங்கியது.

*

வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட பட்டறை. வாரத்தில் ஆறு நாள் அது ஜன்னல் கம்பியும் கேட்டும் பற்றவைக்கிற இடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் வேறு இடம். சத்தத்தைத் தடுக்கச் சுவர் முழுக்கச் சாக்கும் முட்டை அட்டையும் அடித்து, மூன்று பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அப்புறம் சமையலறையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும்.

தம்பி கிதார். டிரம்ஸ் அடிப்பவன் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். இடி என்று பெயர் விழுந்துவிட்டது. அவன் பேசுவதைக் கேட்க நாம் குனிய வேண்டும், அடிப்பதைக் கேட்கத் தெருமுனைக்கு ஓட வேண்டும். பேஸ் கிதார் வாசிப்பவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண். அவளை எல்லாரும் மருந்து என்றே கூப்பிட்டார்கள். பதிவு, கணினி, கடிதப் போக்குவரத்து எல்லாம் அவள் பொறுப்பு.

பாடகர் கிடையாது. அதுதான் தெருவுக்குப் புரியாத விஷயம். பதினாலு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தையல்காரர் கடை வாசலில் நின்று கேட்பார்: "பாட்டுக்காரன் எங்கப்பா, இன்னைக்கும் லீவா?"

"இதுக்குப் பேரு என்னடா?" என்று அக்காவும் ஆரம்பத்தில் கேட்டாள்.

"புரோகிரசிவ் மெட்டல்."

"மெட்டல் தெரியும். பகலெல்லாம் அதைத்தானே பத்த வைக்கிறே. அதைக் கட்டிப் பிடிச்சு அழுவறது எதுக்குன்னு கேக்கறேன்."

அவன் அழுதது மெட்டலுக்காக இல்லை என்று போகப்போகத் தெரிந்தது. ஒரு வாசிப்புக்கு 'அலை' என்று பெயர். ஒன்று 'கரையான்'. இன்னொன்று 'காட்டுத்தீ'. கரையானை அவள் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். முதலில் ஆயிரம் சின்னக் கால்கள் ஒரே திக்கில் நடப்பது போல இருக்கும். எங்கேயும் அவசரம் இருக்காது. கால்கள் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் வீட்டு உத்தரமே மடேரென்று இறங்கும். முதல்முறை அவள் நிஜமாகவே கூரையைப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு வரி பாட்டு வெச்சா என்ன கொறைஞ்சு போயிடும்?" என்று கேட்டபோது அவன் சொன்னான்: "கரையானுக்கு வாய் இருக்கறது திங்கறதுக்கு அக்கா. நாம ஏன் அதைப் பாடச் சொல்லணும்?"

நாலாவது 'வேர்'. அது பட்டறைத் தரையிலேயே முளைத்தது. சிமெண்டுத் தரையில் மயிரிழை போல ஒரு விரிசல், அதில் பெயர் தெரியாத ஒரு செடி. பிடுங்கப் போனவளைத் தம்பி தடுத்தான். ஒரு வருடத்தில் விரிசல் ஒரு முழம் நீண்டது. இரண்டாம் வருடம் டிரம்ஸ் கால் வரைக்கும் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இடி உட்கார்ந்திருந்த முக்காலியை ஆட்டிவிட்டது. தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தரையில் குப்புறப் படுத்து விரிசலுக்குள் பார்த்தான்.

"அக்கா, இதுவும் ஆப்பு வேலைதான். சம்மட்டி மட்டும் இல்ல."

அதற்கப்புறம் இரண்டு வருடம் 'வேர்' முடியவே இல்லை. எப்படி முடிப்பது என்று தெரியாமல் அவன் திண்டாடினான். மூச்சு குறையக் குறைய அதிகமாகத் திண்டாடினான்.

*

பாத்திரத்தில் தண்ணீர் மாற்றக் கொல்லைப்பக்கம் போனாள் அக்கா. பட்டறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இடியும் மருந்தும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாவு வீடு என்பதால் குரலை அமுக்கிச் சண்டை.

"இன்னைக்குப் போயி இதைப் பேசறோமேன்னு எனக்கு வெக்கமா இருக்கு," என்றான் இடி.

"எனக்கு மட்டும் இல்லையா? ஆறு மணிக்குள்ள அனுப்பணும். ரெண்டு தரம் தேதியைத் தள்ளிக் கொடுத்துட்டாங்க. இதுக்கு மேல கேக்க எனக்கு வாய் வராது. மூணை மட்டும் அனுப்பிடறேன்."

"வேர் இல்லாம அனுப்பறதுக்கு அனுப்பாமலே இருக்கலாம்."

"முடியாத பாட்டை எப்படி அனுப்பறது? அப்ப நீயே முடி. சிம்பலைத் தட்டி முடி."

"நான் முடிச்சா அது என் வேரு. அவன் வேரு இல்ல."

அக்கா கதவைத் தள்ளினாள். இரண்டு பேரும் திருடப் போய் மாட்டிக்கொண்ட மாதிரி எழுந்து நின்றார்கள்.

"என்ன முடியல?" என்றாள்.

மருந்துதான் சொன்னாள். கடல் தாண்டி ஒரு சின்ன இசைக் கம்பெனி இவர்களுடைய நாலு வாசிப்பையும் வெளியிட ஒப்புக்கொண்டிருக்கிறது. பதினாலு வருடத்தில் முதல்தரம். நாலும் இன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நேற்று மத்தியானம் தம்பி தன் பகுதியைத் தானே உட்கார்ந்து பதிந்திருக்கிறான். சாயங்காலம் அது மருந்தின் கணினியில் வந்து விழுந்தது.

"கேட்டோம்கா. எட்டரை நிமிஷம் அவ்வளவு அழகாப் போகுது. அப்புறம் நடுவுல நின்னுடுது."

"நடுவுலன்னா?"

"வேர் முழுக்கப் பதிமூணு பதிமூணு அடியாப் போகும்," என்றான் இடி. அவள் குனிந்துதான் கேட்டாள். "கடைசிச் சுத்துல பத்து அடிதான் இருக்கு. பத்தாவது அடியும் சரியா விழல, சப்புனு விழுந்திருக்கு. பாவம், கையில தெம்பு போயிடுச்சு. அப்படியே கண் அசந்துட்டான் போல. பதிவை நிறுத்தக்கூட இல்ல. ரெண்டு நிமிஷம் சும்மா ஓடியிருக்கு."

"அக்கா, அவன் முடிக்காமப் போயிட்டான்," என்றாள் மருந்து. "நாங்க ஏதாவது செஞ்சு முடிச்சுடவா? இல்ல, விட்டுடவா? நீங்கதான் சொல்லணும்."

அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். தம்பியின் நாற்காலி அங்கேயே இருந்தது. உட்கார்ந்தாள்.

"எங்க, போடு. கேக்கறேன்."

"நீங்களா?"

"ஏன், காசு கொடுத்து டிக்கெட் வாங்கணுமா?"

ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டாள் மருந்து. பதினாலு வருடமாகச் சுவருக்கு இந்தப் பக்கமே கேட்டவளுக்கு, சுவர் இல்லாமல் கேட்பது இதுதான் முதல் தடவை.

முதலில் ஒற்றைக் கம்பி. நூல் மாதிரி ஒரு சத்தம் இருட்டில் தடவித் தடவிப் போகிறது. எதன்மேலோ முட்டுகிறது, ஒதுங்குகிறது, இன்னொரு வழி தேடுகிறது. பிறகு கனம் கூடுகிறது. ஒரு கிதார் இரண்டாகி, இரண்டு நாலாகி, அடியில் ஏதோ ஒன்று பெரிதாக, கறுப்பாக, அசையாமல் இருக்கிறது. நூல் அதைச் சுற்றிவிட்டது. இனி விடாது.

அப்புறம்தான் அந்த அடி தொடங்கியது.

அக்காவின் வலது கை முழங்காலில் தட்ட ஆரம்பித்தது. அது தானாகத் தட்டியது, அவள் சொல்லித் தட்டவில்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு. அப்புறம் திரும்பி ஆறு. மறுபடி ஏழு. மறுபடி ஆறு. அவள் கண்ணைத் திறந்து எதிரே இருந்த இருவரையும் பார்த்தாள். அவர்கள் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் ஏறியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இழை மேலே போயிற்று. கிண், கிண், கிண். அவள் முதுகு நிமிர்ந்தது. இது எங்கே போகிறது என்று அவள் முதுகுக்குத் தெரியும். ஏழு போயிற்று. திரும்பியது. எட்டு. ஒன்பது.

தொப்.

திரையில் கோடு தட்டையாயிற்று. மருந்து கையை நீட்டினாள், நிறுத்துவதற்கு.

"கையெடு," என்றாள் அக்கா.

வீட்டில் யாரும் கேட்டிராத குரல் அது. மருந்து கையை இழுத்துக்கொண்டாள்.

ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததற்குள் ஒரு மூச்சு இருந்தது. இழுத்து இழுத்து விடுகிற, கரகரத்த, அவளுக்கு மனப்பாடமான மூச்சு. நாற்காலி ஒரு தரம் கிறீச்சிட்டது. தூரத்தில் குழாய்த் தண்ணீர். பிறகு ஒரு பெண்பிள்ளையின் குரல், கதவுக்கு அப்பாலிருந்து: "டேய், சாப்பிட வர்றியா?"

அக்கா அசையவில்லை.

ரப்பர் செருப்பு சரக் சரக்கென்று வந்தது. நின்றது. எதுவும் பேசப்படவில்லை. செருப்பு திரும்பிப் போயிற்று. தட்டு மேடையில் ணங்கென்று விழுந்தது. அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி அடங்கியது. மூச்சு காத்திருந்தது. முழுக்க அடங்கும் வரைக்கும் காத்திருந்தது.

அதன் பிறகு, ஒரே ஒரு துளி. மிக மெல்லிய ஒரு கம்பி, விரலால் தொட்டும் தொடாமலும். இப்போதுதான் பிளந்த கல்லுக்குள்ளிருந்து கசிகிற முதல் ஈரம் மாதிரி.

கிளிக். பதிவு நின்றது. நிறுத்தியது தூங்கிப்போனவன் கை இல்லை.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள் அக்கா. முகத்தைத் துடைக்க முந்தானையைத் தேடினாள். பிறகு தேடாமல் விட்டுவிட்டாள்.

"முடிச்சுட்டான்," என்றாள்.

*

"பெரிய கல்லை நேரா ரெண்டாப் பொளக்கணும்னா எப்படிச் செய்வாங்க தெரியுமா?" என்றாள் அவர்களிடம். "ஓங்கி ஓங்கிச் சம்மட்டியால போடறது ஜல்லிக்கு. பொளக்கறது அப்படி இல்ல. ஒரே வரிசையில ஏழு குழி. ஒவ்வொரு குழியிலயும் ரெண்டு தகடு, நடுவுல ஒரு இரும்பு ஆப்பு. முதல் ஆப்புல இருந்து கடைசி வரைக்கும் ஆப்புக்கு ஒரு தட்டு. ஏழா? அப்புறம் திரும்பி வரணும். வர்றப்ப அந்தக் கடைசி ஆப்பை மறுபடி தொடக் கூடாது. அது ஓரத்துல இருக்கும், சேந்தாப்புல ரெண்டு தட்டுத் தட்டினா ஓரம் பேந்துடும். அதனால ஆறு. முதல் ஆப்பு பாறையோட ஒட்டின பக்கம், அது ரெண்டு தட்டும் தாங்கும். ஏழும் ஆறும் எவ்வளவு?"

இடி கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்தான்.

"ரெண்டு வருஷமாக் கேட்டேன்கா. ஏண்டா பதிமூணு, பன்னெண்டுல போட்டா என் உசுரு போகாதேன்னு. 'அது அப்படித்தான்'னு சொல்லிட்டான்."

"அவனுக்கு அது அப்படித்தான். நாலு வயசுல சாக்கு விரிச்சுப் படுக்கப் போட்டுட்டு நான் கல்லு தட்டுவேன். அதைக் கேட்டுத் தூங்கினவன்."

"அப்ப அந்தப் பத்தாவது அடி?" மருந்து கேட்டாள்.

"தட்டத் தட்டக் கல்லு முறுக்கேறும். சத்தமும் ஏறும். எங்கேயோ ஒரு ஆப்பு தொப்புனு செத்த மாதிரிக் கேக்கும். எந்த ஆப்புன்னு முன்கூட்டித் தெரியாது. கேட்ட நிமிஷம் மேஸ்திரி 'கையெடு'ம்பாரு. வரிசையை முடிச்சுட்டு எடுக்கறேன்னு சொல்ல முடியாது. அதுக்கு மேல ஒரு தட்டுத் தட்டினாலும் விரிசல் கோணிப் போயிடும், அன்னைக்கு வேலையே வீண். எல்லாரும் கையைத் தூக்கிட்டுச் சும்மா நிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"அதைக் கல்லுகிட்டதான் கேக்கணும்." அக்கா தரையில் இருந்த விரிசலைப் பார்த்தாள். "அதுவாத் திறக்கும். பெரிய சத்தமெல்லாம் வராது. உள்ள ஈரமா இருக்கும். நீங்கதான் அவன் தூங்கிட்டான்னு வாலை வெட்டப் பாத்தீங்க."

மருந்து ஹெட்போனை உருவிவிட்டு ஸ்பீக்கர் பெட்டியை இணைத்தாள். சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றி, தட்டையான கோட்டிலிருந்து ஓடவிட்டாள். மூன்று பேரும் அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்டார்கள். துளி விழுந்தபோது இடி தன் பெரிய கைகளால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"திரையில ஒண்ணுமே தெரியல," என்றாள் மருந்து. "தட்டையா இருந்தது. நான் கோட்டைப் பாத்தேன்கா. கேக்கல."

"விடு. ஒம் பொழப்பு அப்படி."

"ஒண்ணு மட்டும். நடுவுல உங்க குரல் வருது. அந்தத் தட்டு வேற. அதை மட்டும் எடுத்துடலாம், சுத்தமா எடுக்க முடியும்."

"எடுத்துடு. நான் கத்தறது எதுக்கு ஊரு ஒலகத்துக்கு."

"எடுக்காதே," என்றான் இடி. முதல்தரமாக அவன் குரல் குனியாமலே கேட்டது. "அவனுக்கு அது வேணாம்னா மறுபடி வாசிச்சிருப்பான். கையில நேத்து சாயங்காலம் வரைக்கும் நேரம் இருந்தது. கேட்டுட்டுத்தான் அனுப்பியிருக்கான். தட்டுச் சத்தம் அடங்கற வரைக்கும் காத்திருந்திருக்கான்கா. நீங்களே கேட்டீங்கல்ல?"

அவன் தூக்கிக் காட்டிய உள்ளங்கை அக்காவின் கண்முன் நின்றது. வேண்டாம் என்று அவளாக அர்த்தம் எடுத்துக்கொண்ட கை. பத்தொன்பது வருடம் மேஸ்திரி சொல்லச் சொல்லத் தானே தூக்கிய கையை, தன் வீட்டுக் கதவோரம் நின்று அடையாளம் தெரியாமல் போயிற்றே. சாயங்காலம் அவன் சிரித்த சிரிப்புக்கும் இப்போது அர்த்தம் தெரிந்தது. தொண்டையை ஒரு தரம் செருமினாள். முள் இருந்த இடம் காலியாக இருந்தது.

"அப்ப இருக்கட்டும்," என்றாள்.

இடியும் மருந்தும் தங்கள் பகுதியை ஒரே தடவையில் வாசித்துச் சேர்த்தார்கள். ஏழும் ஆறும் என்று தெரிந்த பிறகு இடியின் அடியே வேறாக இருந்தது. இத்தனை நாள் எண்ணி அடித்தவன் அன்று நடந்து போய் அடித்தான். ஆப்புக்கு ஆப்பு. வீட்டுக்குள் இருந்தவர்கள் சாவு வீட்டில் இதென்ன என்று எட்டிப் பார்த்தார்கள். அக்கா கதவை மறித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மூன்றே கால் மணிக்கு எல்லாம் தயார். "நீங்களே அனுப்புங்க," என்று கணினியை அவள் பக்கம் திருப்பினாள் மருந்து. "இந்த இடத்துல விரலை வெச்சுத் தொட்டா போதும்."

அக்கா தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தித் தொட்டாள். அசையவில்லை. விரல் மாற்றினாள்.

"காய்ப்பு விரலை அது விரல்னே ஒத்துக்காது," என்றான் இடி. "அவனுக்கும் இப்படித்தான்."

"அப்ப அவன் என்ன பண்ணுவான்?"

"விரலை மடக்கி முட்டியால முட்டுவான்."

அக்கா விரலை மடக்கி, கதவைத் தட்டுவது போல ஒரு முட்டு முட்டினாள். போயிற்று. நாலும் போயின.

*

நாலு மணிக்கு வண்டி வந்தபோது தெருவில் இடமில்லை. கேட் செய்து வாங்கியவர்கள், ரொட்டிக் கம்பெனி ஆட்கள், கடன்காரனைத் தேடுவது போல எட்டி எட்டிப் பார்க்கும் அக்கம்பக்கத்தார், யார் என்றே தெரியாத கறுப்புச் சட்டைப் பையன்களும் பெண்களும் இருபது முப்பது பேர். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தையல்காரர் விசாரித்துவிட்டு வந்து, "இவனைப் பாக்கவாம், ரெண்டு பஸ் மாறி வந்திருக்குதுங்க," என்று நம்பாமல் சொன்னார்.

தம்பியைத் தூக்கி வாசலில் வைத்ததும் அக்கா சொன்னாள்: "பத்து பதினோரு நிமிஷம் பொறுங்க. அப்புறம் எடுத்துட்டுப் போலாம்."

பட்டறையின் தெருப்பக்கத்துத் தகரக் கதவைப் பதினாலு வருடத்தில் முதல்தரமாக முழுக்கத் திறந்தார்கள். உள்ளே இடி உட்கார்ந்திருந்தான். மருந்து நின்றிருந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து தம்பியின் கிதார் தொடங்கியது.

நூல் தடவித் தடவி வந்தது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கனம் இறங்கியது. வண்டியின் கண்ணாடி அதிர்ந்தது. தையல்காரர் கடையில் கத்தரிக்கோல் ஆணியில் ஆடியது. கறுப்புச் சட்டைக்காரர்கள் தலையை அசைக்கத் தொடங்கினார்கள். ஏழும் ஆறும், ஏழும் ஆறும், தெருவே ஒரு கல் போல முறுக்கேறியது. குழந்தையைத் தூக்கி வைத்திருந்த ஒருத்தி, தன்னையறியாமல் அதன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு சத்தம் ஒரு சாவுக்கு வரும் என்று அங்கே யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அழ வந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள்.

தொப்.

இடியின் குச்சிகள் மேலே நின்றன. மருந்து கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

அக்கா உள்ளங்கையைத் தூக்கும் முன்பே, சுவரோரமாக மூன்று கைகள் உயர்ந்திருந்தன. குவாரிப் பெண்கள் மூன்று பேரும். அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை. அவர்கள் வாழ்நாளில் இந்தச் சங்கீதத்தைக் கேட்டதும் இல்லை. கை தூக்கியதுகூட அவர்களுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. பிளக்கப்போகிற கல்லின் முன்னால் நிற்கிறவர்கள் நிற்கிற மாதிரி, அரை அடி பின்னால் நகர்ந்து நின்றார்கள்.

வண்டிக்காரர் முடிந்துவிட்டதென்று சாவியைத் திருகப் போனார். தூக்கிய கைகளைப் பார்த்துத் தானும் கையை எடுத்துக்கொண்டார். கறுப்புச் சட்டைகள் தட்டப் போன கைகளை அப்படியே வைத்திருந்தன. தெரு முழுக்க ஒரு மனிதனின் மூச்சு கரகரவென்று போய்வந்தது. அவன் அவர்கள் நடுவில் மூச்சில்லாமல் படுத்திருந்தான்.

"டேய், சாப்பிட வர்றியா?"

தையல்காரர் திரும்பி அக்காவைப் பார்த்தார். செருப்பு வந்தது. போயிற்று. தட்டு ணங்கென்றது. அடங்கியது. இன்னும் அடங்கியது. யாரும் இருமவில்லை.

துளி விழுந்தது.

ஒருவரும் கை தட்டவில்லை. மூன்று பெண்களும் மெதுவாகக் கையை இறக்கினார்கள். அவர்களில் மூத்தவள் பக்கத்தில் இருந்தவளிடம், "நேராப் பொளந்துடுச்சு," என்றாள், வேலை முடிந்த குரலில்.

தையல்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டு அக்காவின் அருகில் வந்தார். "இன்னைக்கு லீவு இல்ல போலருக்கு," என்றார்.

"ஒரு நாள்தாண்ணே வந்தேன்," என்றாள் அக்கா.

வண்டி கிளம்பியது. இடி தன் ரொட்டி வேனைப் பின்னால் எடுத்தான். மருந்து ஓடி ஏறிக்கொண்டு, "அக்கா, வாங்க," என்று கையை நீட்டினாள்.

"வர்றேன், இரு."

பட்டறைக்குள் போனாள். காலையில் கீழே வைத்த பாத்திரம் அங்கேயே இருந்தது, அவன் கையைத் துடைத்த கறுத்த தண்ணீரோடு. குனிந்து எடுத்தாள். விரிசலின் ஓரமாக, செடிக்குப் பக்கத்தில் சாய்த்து ஊற்றினாள். நுரை ஒரு கணம் நின்றது. பிறகு தண்ணீர் முழுக்க உள்ளே இறங்கிவிட்டது, தரையில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல்.

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.